சிறு நாட்டின் அரண்

திருச்சிக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட மருங்காபுரிப் பாளையம் பேரரசுகளை அண்டியே வாழ்ந்தது. சிறு நாடுகளின் நிலை பிற்காலத்திலும் பெரிதும் மாறிவிடவில்லை. மாலத்தீவே சான்று.

1988 நவம்பர் 3 அதிகாலை, அதிபர் கயூமைக் கவிழ்க்க முனைந்த வணிகர் அப்துல்லா லுதுஃபிக்குத் துணையாக, இலங்கையின் புளொட் இயக்கத்தினர் சுமார் 80 பேர் மாலேயில் இறங்கினர். தம் மண்ணின் உரிமைக்காக ஆயுதம் ஏந்திய தமிழர்கள், தம்மினும் எளிய மக்களுக்கு அச்சமாகிப்போனார்கள். இதை நாம் எளிதில் கடந்துவிட முடியாது.

தலைமறைவான கயூம் பல நாடுகளிடம் உதவி வேண்டினார். அன்றிரவே இந்தியப் படை ஹுல்ஹுலே விமானத் தளத்தில் இறங்கியது, சதி முறிந்தது. லுதுஃபி உள்ளிட்டோருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையானது.

மாலத்தீவு அத்துடன் ஓயவில்லை. சிறு நாடுகளின் பாதுகாப்பை ஐ.நா.வில் எழுப்பியது, 1989இல் பொதுச்சபை அதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றியது. அண்டை நாட்டின் படை ஓர் இரவைக் கடக்க உதவிற்று. அடுத்த இரவுகளுக்கு அயலாரின் தயவை மட்டுமே நம்பியிராமல், உலகம் ஒப்பும் நெறியொன்றை அது நாடியது.