ஒப்புக்குச் சப்பாணிக்கு ஒரு கோலி

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சுகர் லேண்டில் ஆகஸ்ட் மாதம் மண் வெடிக்கும். கோவில்பட்டியில் பிறந்த எனக்கு அந்த வெடிப்பு பழகியதுதான். இங்கேயும் கரிசல். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் விரல் நுழைகிற அளவுக்குப் பிளக்கும். அஸ்திவாரம் அசையாமல் இருக்க வீட்டைச் சுற்றிக் குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். இந்த மண்ணில் கரும்பு விளைந்ததால்தான் ஊருக்கு இந்தப் பெயர். இம்பீரியல் சர்க்கரை ஆலை 2003இல் மூடப்பட்டது. 1925இல் எழுந்த அதன் செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது.

மகள் வீட்டுக் கொல்லையில் மெத்தை போலப் புல். அதில் கோலி உருளாது. என் பேரன் போனில்தான் உருட்டுகிறான். இரண்டு கையாலும் தாம்பாளம் ஏந்துவதுபோலப் போனைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் சாய்ப்பான். பள்ளத்தின் மேலே ஒற்றைப் பலகை. அதன்மேல் ஒரு குண்டு. பதினொரு கட்டம் வரை எத்தனை முறை விழுந்தாலும் சிரித்தபடி மறுபடி தொடங்கினான். பன்னிரண்டாவதில் போனை சோபாவில் எறிந்துவிட்டு, "இது சீட்டிங், ஆச்சி. நான் சரியாத்தான் சாய்ச்சேன்" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்து நானும் மூன்று ஆட்டம் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. குண்டு பாதி தூரம் வந்ததும் பலகை சொல்லாமல் கொள்ளாமல் விலகுகிறது. விழுந்த உடனே, காசு கொடுத்தால் அதே இடத்திலிருந்து தொடரலாம் என்று ஒரு பெட்டி எழுந்து நிற்கிறது. எங்கள் தெருவில் இதற்குப் பெயர் அழுகுணி ஆட்டம்.

அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கம். பெண்பிள்ளைகள் கோலி ஆடும் வழக்கமில்லை. அண்ணன்மார் பின்னாலேயே போய் அழுது இடம் பிடித்தவள் நான். இடக்கைக் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, நடுவிரல் நுனியில் கோலியை வைத்து, வலக்கையால் வில்லைப்போலப் பின்னுக்கு வளைத்து விட வேண்டும். என் விரல் வளையாது. அதனால் முதலில் நான் ஒப்புக்குச் சப்பாணி: ஆடலாம், கணக்கில் கிடையாது, தோற்றாலும் தீப்பெட்டிப் படம் ஒன்றும் கொடுக்க வேண்டாம். பிறகு கணக்கில் சேர்த்தார்கள்; எனக்கு மட்டும் கோடு இரண்டு சாண் முன்னால். நான் தொடர்ந்து மூன்று நாள் ஜெயித்தபோது, பெரிய அண்ணன் ஒன்றும் பேசாமல் குச்சியால் கோட்டை ஒரு சாண் பின்னால் கீறினான். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, பிற்பாடு ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வந்த நாளில்கூட இல்லை.

எந்தப் பக்கம் சரிவு, எந்தக் கல் கோலியைத் திருப்பும் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தோற்றவன் மடக்கிய கைமுட்டியால் கோலியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும், தோல் உரியும். அப்படியும் மறுநாள் வருவான். தோற்றது எதனால் என்று அவன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான்.

கோலிகளில் பாதி சோடா பாட்டிலிலிருந்து வந்தவை. ஆங்கிலேயரான ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டு, மேலே ரப்பர் வளையம். உள்ளே இருக்கும் வாயு குண்டை மேலே தள்ளி வாயை அடைக்கும். உடைந்த பாட்டில் கிடைத்தால் அதற்குச் சண்டையே நடக்கும். வண்ணக் கோலிகளை இயந்திரத்தில் உருட்டியெடுக்கும் வழியை அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் கண்டுபிடித்து, 1905இல் காப்புரிமை வாங்கினார். கைவேலையாக இருந்த கண்ணாடிக் கோலி அதற்குப் பிறகு உலகமெங்கும் மலிந்தது.

கோலியைத் தெருவிலிருந்து பெட்டிக்குள் கொண்டுபோன பிறகுதான் கஷ்டத்தை யார் அளப்பது என்ற கேள்வி வருகிறது. 1889இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் கிராண்டல் ஒரு வட்டப் பெட்டி செய்தார். உள்ளே வட்டத்துக்குள் வட்டமாகத் தடுப்புகள். நான்கு கோலிகள்தான் ஆட்டத்தின் பன்றிகள். சாய்த்துச் சாய்த்து நடுப்பட்டியில் அடைக்க வேண்டும். ஒன்றை அடைத்துவிட்டு அடுத்ததைச் சாய்க்கும்போது முதல் பன்றி வெளியே வந்துவிடும். அமெரிக்கா முழுவதும் அந்த வருஷம் இதே பைத்தியமாக இருந்தது; செனட் உறுப்பினர்கள்கூட ஆடியதாக அன்றைய பத்திரிகைகள் எழுதின.

1946இல் சுவீடனின் பிரியோ நிறுவனம் மரத்தில் ஒரு பெட்டி விற்றது. பக்கத்துக்கு ஒரு திருகு, நடுவே வளைந்து போகும் கோடு, வழியெல்லாம் அறுபது குழிகள். எனக்குப் பிடித்தது, குழிக்குப் பக்கத்தில் எண் போட்டிருப்பது. நேற்று 17இல் விழுந்தவன் இன்று 23இல் விழுகிறான். விழுந்தது விழுந்ததுதான், ஆனால் ஆறு குழி முன்னேறியிருக்கிறான். பலகை ஒரு நாளும் மாறாது, கை மட்டும் தேறும்.

அடுத்தது 1984, கலிபோர்னியா. அட்டாரி என்ற வீடியோ விளையாட்டு நிறுவனத்தில் பதின்வயதிலேயே வேலைக்குச் சேர்ந்த மார்க் செர்னி, 'மார்பிள் மேட்னஸ்' என்ற ஆட்டத்தை உருவாக்கினார். உருளும் பந்து ஒன்றைக் கையால் சுழற்றித் திரையில் இருக்கும் கோலியைச் சரிவுகளில் ஓட்ட வேண்டும். மொத்தமே ஆறு ஓட்டங்கள். ஆர்கேட் கடையில் ஆட்டம் சில நிமிடத்தில் முடிந்தால்தான் அடுத்த நாணயம் விழும். ஆகவே கடிகாரம் துரத்தும். ஆனாலும் பள்ளம் எங்கே, விளிம்பு எங்கே என்பது திரையில் தெளிவாகத் தெரியும். முந்தைய ஓட்டத்தில் மிச்சம் பிடித்த நேரம் பெரும்பாலும் அடுத்த ஓட்டத்துக்குக் கூடவே வரும். நாணயம் விழ வேண்டும் என்று செய்த ஆட்டத்திலும் அந்த நேர்மை இருந்தது.

2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தபோது, முதல் வரிசையிலேயே செகா நிறுவனத்தின் 'சூப்பர் மங்கி பால்' இருந்தது. கைப்பேசியைச் சாய்த்தாலே உருண்டைக்குள் இருக்கும் குரங்கு உருளும். கிராண்டலின் பெட்டி நூற்றுச்சொச்சம் வருஷம் கழித்துக் கண்ணாடித் திரையாகிக் கைக்குத் திரும்பியது. பிள்ளைகள் அதை விரும்பியதில் எனக்கு வியப்பில்லை. சாய்வுக்கு உடனே பதில் சொல்லும் குண்டைவிடச் சுகமான விளையாட்டுப் பொருள் கிடையாது. கோபமெல்லாம் பின்னால் வந்ததன்மேல்: தோல்வியையே விற்பனைக்கு வைத்தார்கள். அண்ணன் கோட்டை முன்னால் போட்டது நான் மறுநாளும் வர வேண்டும் என்பதற்காக. இங்கே பலகை விலகுவது காசு வர வேண்டும் என்பதற்காக.

செப்டம்பரில் ஒரு மழை பெய்து மண் இளகிய மறுநாள், மகளிடம் சொல்லிவிட்டுக் கொல்லை மூலையில் ஐந்தடிக்கு மூன்றடி புல்லைச் செதுக்கினேன். தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்து இறுக்கி, மருமகன் கரண்டியால் முக்குழி தோண்டித் தந்தார். கோலி இங்கேயே கடையில் வாங்கியது. பேரனின் விரலும் வளையவில்லை. கோட்டை இரண்டு சாண் முன்னால் போட்டேன். முதல் நாள் ஒரு குழிகூட விழவில்லை. இருட்டும்வரை உள்ளே வர மறுத்தான். பிறகொரு நாள் மூன்றாவது குழிக்கு முன்னால் சின்ன மேடு இருப்பதைத் தானாகவே கண்டுபிடித்து, இடப்பக்கமாக விட்டு ஏற்றினான். நிரவிவிடட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் ஆச்சி, அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான்.

இந்தப் பக்கத்தில் குடியிருக்கும் நம் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குச் சொல்கிறேன். போனைப் பிடுங்க வேண்டாம். அதிலும் நல்ல ஆட்டங்கள் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் எது நல்லது என்று தெரிந்துவிடும். கூடவே ஐந்தடி புல்லை மட்டும் விட்டுக்கொடுங்கள். மழை விட்ட மறுநாள் தோண்டுங்கள். காய்ந்த பிறகு இந்தக் கரிசலில் கரண்டி இறங்காது.