பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் போதும்

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-இல் பிறந்த ஊர் எங்கள் திருக்குறுங்குடி. 1911-இல் அவர் மதுரையில் தொடங்கிய தொழில்தான் டிவிஎஸ். அவர் மறைந்து ஏழு வருஷம் கழித்து, 1962-இல், அந்தக் குழுமம் பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து பிரேக் தயாரிப்பில் இறங்கியது. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனும் பிரேக்ஸ் இந்தியாவும் அப்படி வந்தவை. இந்திய வண்டிகளை நிறுத்தியதில் திருநெல்வேலிச் சீமைக்கும் பங்கு உண்டு என்று நாங்கள் பீற்றிக்கொள்ளலாம். ஆனால் முன்பிரேக்கும் பின்பிரேக்கும் ஏன் சமமா இருக்கக் கூடாதுன்னு எங்க ஊர்ல கேட்டா, "நாலு சக்கரமும் ஒண்ணா பிடிச்சாத்தானே நல்லது?" என்பதே பதிலாக வரும்.

இந்தக் குழப்பத்துக்கு நூறு வயசு. ஆரம்ப காலக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரத்தில் பிரேக்கே கிடையாது. திரும்புகிற சக்கரத்துக்கு இரும்புக் கம்பி வழியாக விசையைக் கொண்டுபோவது சிரமம். முன்னால் பிடித்தால் வண்டி குப்புற விழும் என்ற பயம் வேறு. வளைகிற குழாயில் திரவத்தை அனுப்பும் ஹைட்ராலிக் முறை அந்தச் சிரமத்தைத் தீர்த்தது. 1921-இல் நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக் கொண்ட ட்யூசென்பெர்க் கார், பிரெஞ்சு கிராண்ட் பிரியில் ஜெயித்தது. பயம் போனது. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு மாருதி எஸ்டீமை எடுத்துக்கொள்வோம். தொண்ணூறுகளில் அதுதான் நம்மாட்களின் வேகக் கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சக்கர இடைவெளி 2365 மி.மீ. எடை சுமார் 900 கிலோ, அதில் 540 முன்னால், ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த ரோட்டில் அழுத்திப் பிடித்தால், ஏறத்தாழ 150 கிலோ பின்னாலிருந்து முன்னால் சாய்கிறது. முன்னால் 690, பின்னால் வெறும் 210. அந்த 210-ஐத் தாங்கும் டயரிடம் அதற்கு மேல் பிடிமானம் கேட்டால் அது பூட்டிக்கொள்ளும். பூட்டிய டயருக்குப் பக்கவாட்டுப் பிடி போய்விடும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி திரும்பாது, நேராகப் போகும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும்.

என் நண்பனின் எஸ்டீமுக்கு அதுதான் நடந்தது. ஒரு பட்டறையில் பின்டிரம்மைக் கழற்றிவிட்டு, ஒரு பெரிய காரின் முன்சக்கர காலிப்பரை மாட்டினார்கள். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கிற ப்ரொபோர்ஷனிங் வால்வை, "இது சும்மா அடைச்சுக்கிட்டு இருக்கு தம்பி" என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். தென்காசி ரோட்டில், சாரல் நேரம், ஒரு மாடு குறுக்கே வந்தது. கார் வந்த திசையையே பார்த்து நின்றது. யாருக்கும் அடியில்லை. அவன் அம்மா அதன்பிறகு அந்தக் காரில் ஏறவில்லை.

பழைய டிரம்மையே திரும்பப் போடச் சொன்னேன், கேட்கவில்லை. திருகக்கூடிய வால்வு ஒன்று பின்குழாயில் ஏறியது. அது பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. சோழவரம் விமான ஓடுதளத்திலும் பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடியது போன்ற பந்தயக் கார்களில் வேறு வழி உண்டு. இரண்டு மாஸ்டர் சிலிண்டர், நடுவே ஒரு தண்டு. திருகினால் மிதியின் விசை முன்னுக்கோ பின்னுக்கோ நகரும். வீட்டுக் காருக்கு அவ்வளவு தேவையில்லை.

ஆளில்லாத மைதானத்தில், பின்பக்கத்தைக் குறைத்து வைத்துத் தொடங்கினோம். வெளியே நின்று சக்கரத்தைப் பார்ப்பது என் வேலை. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, பின்சக்கரம் முந்துகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தாராளமாகப் பின்வாங்கினோம்.

தாராளமாக என்பதற்குக் காரணம் மணிமுத்தாறு–மாஞ்சோலை மாதிரியான இறக்கங்கள். கீழே வர வர அதிக வேலை செய்யும் முன்பிரேக்தான் அதிகம் சூடாகும், முதலில் தளரும். பேட் தளர்ந்தால் சமநிலை தானாகவே பின்னுக்கு நகரும், அதாவது ஆபத்தான பக்கம். திருகில் நாங்கள் நிறுத்திய இடத்தில் அவன் தங்கையின் நகப்பூச்சை எடுத்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறான். அதைத் தாண்டித் திறப்பதில்லை.