கையெட்டாத நாடி: 18ஆம் நூற்றாண்டில் கடிதம் வழித் தேடிய மருத்துவம்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர் கூட்டம். அன்று காலையில் மனு எழுதிக் கொடுப்பவர் முன்னால் உட்காரும் பலருக்கு நோய்தான் குறை. "எத்தனை வருஷமா நடக்க முடியல?", "எந்த ஆஸ்பத்திரியில காட்டுனீங்க?", "மாத்திரை என்ன குடுத்தாங்க?" என்று எழுதுபவர் கேட்பார், வந்தவர் சொல்லச் சொல்லத் தாளில் வரிகள் ஏறும். நோயாளி பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் கிடப்பார். அவருடைய நோய் மட்டும் எழுத்தாகி அலுவலகத்துக்குள் போகும்.

உடலை வீட்டில் விட்டுவிட்டு நோயை மட்டும் எழுத்தில் அனுப்பும் இந்த வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் உலகின் பல பகுதிகளில் மருத்துவத்தின் முக்கியமான முறையாக இருந்தது. தமிழகக் கடற்கரையும் அதில் பங்கு கொண்டது. ஆனால் இங்கே அந்தக் கடிதப் போக்குவரத்து வேறொரு திசையில் வளர்ந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் கடிதம் மனிதரைப் பற்றிக் கேட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் அது சரக்கைப் பற்றி மட்டும் கேட்கத் தொடங்கியது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது, அதில் நாம் எதை இழந்தோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐரோப்பாவில் கடித வைத்தியம்

ஐரோப்பாவில் அக்காலத்துப் புகழ்பெற்ற மருத்துவர்கள் நோயாளியை நேரில் காணாமலேயே மருத்துவம் பார்த்தார்கள். எடின்பரோவில் வில்லியம் கல்லன் (1710–1790) எழுதியும் பெற்றும் வைத்திருந்த மருத்துவக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் உள்ளன. தம் பதில்களுக்குப் படி வைத்துக்கொள்வதற்காக 1781 முதல் அவர் ஜேம்ஸ் வாட் உருவாக்கிய படியெடுக்கும் பொறியைப் பயன்படுத்தினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த சாமுவேல் திஸ்ஸோவுக்கு (1728–1797) வந்த கடிதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை எஞ்சியிருக்கின்றன.

திஸ்ஸோ 1761இல் பொதுமக்களுக்காக வெளியிட்ட உடல்நல நூலில், மருத்துவருக்கு எழுதுவோர் விடை சொல்ல வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்தித் தந்தார். வயது என்ன, முன்பு உடல் எப்படி இருந்தது, நோய் எப்போது தொடங்கியது, காய்ச்சல் உண்டா, தூக்கம் எப்படி, மலசலம் எப்படி என்று அது நீளும். எழுதப் பழகாதவரும் தம் உடலைக் கவனித்துச் சொல்வதற்கு இந்தப் பட்டியல் ஒரு பயிற்சியாக அமைந்தது.

மருத்துவர் உடலைத் தொட்டுப் பார்ப்பது அக்கால ஐரோப்பாவில் பெரிதும் இன்றியமையாததாகக் கருதப்படவில்லை. நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழல் 1816இல்தான் வந்தது. அதற்கு முன் நோயாளி சொல்லும் வரலாறே நோய்க் கணிப்பின் முதல் ஆதாரம். வாயால் சொல்லக்கூடியதைக் கடிதத்திலும் எழுதிவிடலாம் என்பதால் அங்கே கடித வைத்தியம் செழித்தது.

எண்வகைத் தேர்வும் கடிதத்தின் எல்லையும்

தமிழ் வைத்தியத்தின் நோய்க் கணிப்பு வேறு அடித்தளத்தில் நின்றது. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் வைத்தியர் தாமே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் மூன்று விரல்களைப் பதித்து வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் நடையையும் உணர வேண்டும். நீர்க்குறி, நெய்க்குறித் தேர்வுகளும் அப்படியே. காலையில் பிடித்த சிறுநீரின் மேல் நல்லெண்ணெய்த் துளி ஒன்றை விடுவார்கள். அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல் அசையாமல் நின்றால் கபம் என்று கொள்வார்கள். அந்தத் துளி பரவும் சில கணங்களில் வைத்தியரின் கண் அங்கே இருந்தாக வேண்டும்.

எட்டில் சிலவற்றை எழுதி அனுப்பலாம். மலத்தின் நிறத்தையும் நாவின் வறட்சியையும் சொல்லில் அடக்கிவிடலாம். நாடியையும் தொடுவுணர்வையும் எந்த ஓலையிலும் எழுதி அனுப்ப முடியாது. எழுத்தும் ஓலைப் போக்குவரத்தும் நிறைந்திருந்த இந்த மண்ணில் கடித வைத்தியம் ஐரோப்பாவைப் போல் வேர் பிடிக்காததற்குத் தலையாய காரணம் இதுவே என்பது என் கருத்து. இதைப் பின்தங்கிய நிலை என்று கொள்வது தவறு. வைத்தியரின் விரல் உடலின் மேல் இருக்க வேண்டும் என்று வற்புறுத்திய ஒரு மருத்துவ நெறியின் விளைவு அது.

தரங்கம்பாடியும் ஹாலேவும்

கடித வைத்தியம் தமிழகத்துக்குக் கப்பலில் வந்தது. 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் புறப்பட்ட மறைப்பணியாளர்கள் சீகன்பால்குவும் புளுச்சோவும் 1706 ஜூலை 9 அன்று டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியை அடைந்தார்கள். பயணத்துக்கு ஏழு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. இந்தக் கணக்கை மருத்துவக் கடிதத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். வயிற்று நோய் கண்ட ஒருவர் தரங்கம்பாடியிலிருந்து எழுதினால், கப்பலும் பருவக்காற்றும் ஒத்துழைத்தாலும், பதில் கைக்கு வர ஒன்றரை ஆண்டு போலாகும். அதற்குள் நோயோ நோயாளியோ போய்விடும். வயிற்றுக் கோளாறால் வருந்திய சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23இல் 36ஆம் வயதில் இறந்தார். அவருடைய தோழர் கிருண்ட்லர் மறுஆண்டு மார்ச்சில் மறைந்தார்.

அவர்களுக்குப் பின்னணியாக இருந்தது ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே அகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே நிறுவிய ஆதரவற்றோர் இல்லத்துடன் ஒரு மருந்தகமும் இயங்கியது. மருத்துவர் கிறிஸ்தியன் ஃபிரெட்ரிக் ரிக்டர் (1676–1711) அங்கே தங்கம் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு திரவ மருந்தைப் புகழ்பெறச் செய்தார். அந்த மருந்தகத்தின் மருந்துகள் பயன்பாட்டு விளக்கத் தாள்களுடன் ரஷ்யாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போயின. மருந்துப் பெட்டிகளாகத் தரங்கம்பாடிக்கும் வந்தன. ஒன்றரை ஆண்டு காத்திருந்து அறிவுரை பெறுவதைவிட, நோய் வருமுன்பே மருந்தையும் விளக்கத்தையும் பெட்டியில் அடைத்து அனுப்புவது மேல் என்று தொலைவு கற்பித்தது.

பெட்டி போதாதபோது ஆளையே அனுப்பினார்கள். 1730இல் மருத்துவர் ஷ்லெகல்மில்க் வந்தார். அதே ஆண்டில் இறந்தார். 1732இல் வந்த சாமுவேல் பெஞ்சமின் கினோல் 1767இல் இறக்கும்வரை தரங்கம்பாடியிலேயே பணியாற்றினார்.

கேள்வி திசை திரும்பியது

இதனிடையே இன்னொரு கடிதப் போக்கு உருவானது. தமிழ் ஆய்வாளர்களுக்கு மிகவும் முக்கியமானது அதுவே. பக்கத்தில் வாழும் தமிழரிடமே ஐரோப்பியர் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 1708இல் சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் வாகடச் சுவடியும் (மருத்துவ ஏடு) இடம்பெற்றது. 1711இல் கிருண்ட்லர் தமிழ் மருத்துவத்தை விளக்கும் நூல் ஒன்றை ஜெர்மன் மொழியில் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அது அக்காலத்தில் அச்சேறவில்லை; கையெழுத்துப் படியாக ஆவணக் காப்பகத்தில் தங்கியது. நாடியும் நீர்த் தேர்வும் ஐரோப்பிய மொழி ஒன்றில் விரிவாக எழுதப்பட்ட தொடக்க காலப் பதிவுகளுள் அது ஒன்று.

1712 முதல் 1714 வரை தமிழர் பலர் இவர்களுடைய கேள்விகளுக்குக் கடிதமாகவே பதில் எழுதினர். சமயம், ஒழுக்கம், கல்வி, அன்றாட வாழ்க்கை எனப் பல பொருள்களில் எழுந்த அந்தக் கடிதங்களில் 99 ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, 1714இலும் 1717இலும் ஹாலேயில் இரு பகுதிகளாக அச்சாயின. 'மலபார் கடிதங்கள்' என்று வழங்கும் இத்தொகுப்பில் 'மலபார்' என்ற சொல் தமிழரையே குறிக்கும். எழுதியவர்களின் பெயர்கள் அச்சில் வரவில்லை. தமக்குத் தெரிந்ததை மனமுவந்து, சில இடங்களில் வாதாடியும் எழுதிய அவர்களை நாம் இன்று முகமற்றவர்களாகவே சந்திக்கிறோம்.

ஆயினும் இந்தக் கட்டத்தில் பேச்சு இன்னும் மனிதருக்கும் மனிதருக்கும் இடையில்தான் நடந்தது. "நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள்?" என்று கேள்வி, "நாங்கள் இப்படி வாழ்கிறோம்" என்று பதில்.

தஞ்சாவூர் மாத்திரை

நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்கள் இந்த நிலையை மாற்றின. 1767 செப்டம்பரில் திருவண்ணாமலையருகே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் ஐதர் அலி–நிஜாம் கூட்டுப் படையும் மோதின. இத்தகைய போர்களால் கும்பினியின் படைகள் உள்நாட்டுக் கோட்டைகளில் நிலைகொண்டபோது படை மருத்துவர்களும் உடன் வந்தார்கள். 1786இல் சென்னையில் பொது அஞ்சலகம் தொடங்கப்பட்டது. கடற்கரையில் மட்டும் நடந்த கடிதப் பேச்சு உள்நாட்டு ஊர்களையும் இணைத்தது.

1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோகான் கெரார்ட் கோனிக், தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர். ஆற்காட்டு நவாபிடமும் பின்னர் கும்பினியிடமும் இயற்கை ஆய்வாளராக வேலை பார்த்து 1785இல் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த பாட்ரிக் ரஸ்ஸல் பாம்புகளையும் பாம்புக்கடியையும் ஆராய்ந்தார். அவருடைய ஆய்வு கடிதங்களால் வளர்ந்தது. வேலூரில் இருந்த மருத்துவர் வில்லியம் டஃபின் போன்றோர் பாம்புக்கடி நேர்வுகளை எழுதி அனுப்பினர்.

தஞ்சைப் பகுதியில் பாம்புக்கடிக்குக் கொடுத்துவந்த மாத்திரையின் செய்முறை, மறைப்பணியாளர் ஷ்வார்ட்ஸ் வழியாக ஆங்கிலேயரை எட்டியது. வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளம், மிளகு முதலியவை அதில் சேர்ந்தன. 'தஞ்சாவூர் மாத்திரை' என்ற பெயரில் அது பரவியது. ரஸ்ஸல் அதை நாய்களிலும் கோழிகளிலும் சோதித்து, 1796இல் வெளிவந்த தம் நூலில் பதிந்தார். நச்சுமுறி என்று அதை உறுதியாக நம்பும்படி சோதனைகள் அமையவில்லை. அவர் அதைச் சோதித்ததில் பிழை இல்லை. உயிர் காக்கும் மருந்து எதுவும் சோதனைக்கு உட்பட்டே ஆக வேண்டும்.

ஆனால் செய்முறை கடிதத்தில் ஏறியபோது எவை ஏறின, எவை ஏறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரக்குகளின் பெயரும் அளவும் ஏறின. பாஷாணத்தையும் பாதரசத்தையும் முறித்து உடம்புக்கு ஏற்றதாக்கும் சுத்தி முறை, அனுபானம், பத்தியம், கடிவாயையும் கடிபட்டவரையும் பார்த்து இவருக்குத் தரலாமா என்று முடிவு செய்யும் வைத்தியரின் அனுபவம் ஆகியவை ஒரு தாள் செய்முறையில் அடங்குபவை அல்ல. எண்வகைத் தேர்வைப் போலவே இங்கும் கடிதத்தின் எல்லை தெரிகிறது. அன்று நோயாளியின் நாடி கடிதத்துக்கு எட்டவில்லை. இப்போது வைத்தியரின் கைப்பக்குவம் எட்டவில்லை.

பட்டியலில் முடிந்த உரையாடல்

1813இல் சென்னையில் வைட்லா ஐன்ஸ்லி வெளியிட்ட இந்திய மருந்துப் பொருள் நூல் இந்த வளர்ச்சியின் முதிர்ந்த வடிவம். ஒவ்வொரு சரக்குக்கும் தமிழ்ப் பெயர் உட்பட இந்திய மொழிப் பெயர்கள், பயன், அளவு என ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. தமிழ் மருத்துவ நூல்களின் பெயர்களும் உண்டு. அந்த உழைப்பு மதிக்கத்தக்கது, இன்றும் பயன்படுவது. எனினும் 1712இல் கடிதம் எழுதிப் பதில் சொன்னவர் இப்போது பேசுபவராக இல்லை. நூலின் பக்கத்தில் நிற்பது சரக்கு.

நூறு ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்தை மூன்று படிகளாகத் தொகுக்கலாம். முதலில் நோயாளி தன் உடலைப் பற்றித் தொலைவில் இருப்பவரைக் கேட்டார். தொலைவு அதைப் பயனற்றதாக்கியது. அடுத்து வந்தவர் அருகில் வாழ்பவரின் வாழ்வையும் அறிவையும் கேட்டார். அங்கே உரையாடல் பிறந்தது. இறுதியாக ஆட்சியின் மருத்துவர் மருந்தின் கூறுகளைக் கேட்டார், உரையாடல் பட்டியலானது.

முடிவுரை

2020இல் நடுவண் அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவ வசதி பொதுமக்களுக்கு வீட்டிலிருந்தே கிடைக்கத் தொடங்கியது. கைப்பேசித் திரையில் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கும் திஸ்ஸோவின் பட்டியலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஒன்றரை ஆண்டுத் தாமதம் நொடிகளாகக் குறைந்துவிட்டது. தொடமுடியாத மணிக்கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே தொலைவிலிருந்து கேட்பவர் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார், நோயாளி தன் சொல்லில் பேச எவ்வளவு இடம் பெறுகிறார் என்பதே அன்றும் இன்றும் அளவுகோல்.

ஆய்வுலகம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஹாலே ஆவணங்களை ஜெர்மன் அறிந்தோரும், வாகட ஏடுகளைத் தமிழ் மருத்துவம் அறிந்தோரும் தனித்தனியே படித்து வருகிறார்கள். கிருண்ட்லர் எழுதிய நோய்ப் பெயர்களையும் தமிழ் ஏடுகளையும் அருகருகே வைத்து, நாடி பார்த்துப் பழகிய வைத்தியர் ஒருவரையும் உட்கார வைத்துப் படித்தால், பட்டியலில் மறைந்துபோன பேச்சில் ஒரு பகுதியையாவது மீட்கலாம். வேங்கிக்காலில் மனு எழுதுபவர் வந்தவரின் முகம் பார்த்து "அப்புறம்?" என்று கேட்கிறாரே, அந்த ஒரு கேள்வியைத்தான் அந்த ஆவணங்களிடமும் நாம் கேட்க வேண்டும்.