தண்ணீர் வடிஞ்சது, விலை வடியல

புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண நினைக்கிற எல்லாரும் இப்போ கேக்குற கேள்வி ஒண்ணுதான். ரேம் நிஜமாவே தட்டுப்பாடா, இல்ல தட்டுப்பாடுன்னு சொல்லி விலை ஏத்துறாங்களா? இதுக்குப் பதில் தேட கொஞ்சம் பின்னாடி போகணும்.

முதல்ல காரைக்கால்மேட்டுக் கடற்கரை. வருஷா வருஷம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே நிக்கும், மீன் விலை ஏறும். தடை முடிஞ்சு படகுகள் திரும்பினா விலை இறங்கும். காரணம் ரெண்டு. மீனைப் பதுக்கி வைக்க முடியாது. ஐஸ் போட்டாலும் சில நாள்தான். அடுத்து, படகுகள் ஏராளம். ஒருத்தர் விலையைப் பிடிச்சு வெச்சா பக்கத்துப் படகுக்காரர் வித்துட்டுப் போயிடுவார்.

ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த ரெண்டுமே பொருந்தாது. 2011 அக்டோபர்ல தாய்லாந்தில் பெரிய வெள்ளம். பாங் பா இன் பகுதியில இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை மூழ்கிப்போச்சு. சீகேட் தொழிற்சாலைக்குள்ள தண்ணீர் வரல, ஆனா உதிரிபாகம் கொடுக்கிற கம்பெனிகள் மாட்டிக்கிச்சு. சில வாரத்துல பல மாடல்களோட விலை இரட்டிப்பாச்சு. அந்தத் தட்டுப்பாடு நிஜம்.

கதை அதுக்கப்புறம்தான். நவம்பர் கடைசியிலேயே வெஸ்டர்ன் டிஜிட்டல் அங்க உற்பத்தியைத் திரும்ப ஆரம்பிச்சது. ஆனா 2012 முழுக்க விலை பழைய இடத்துக்கு வரல. சீகேட்டோட காலாண்டு லாபம் 2010 கடைசியில சுமார் 15 கோடி டாலர். ஒரு வருஷம் கழிச்சு 56 கோடி, அடுத்த காலாண்டுல 110 கோடி. அதே சமயத்துல ரெண்டு கம்பெனியும் சில மாடல்களுக்கு வாரண்டியையும் குறைச்சாங்க. அதிக விலை கொடுத்து, குறைஞ்ச உத்தரவாதம் வாங்கினோம்.

படகும் குறைஞ்சது. சாம்சங்கோட ஹார்ட் டிஸ்க் பிரிவை சீகேட் வாங்கியது, ஹிட்டாச்சியோடதை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. தோஷிபாவையும் சேர்த்தா மிச்சம் மூணே பேர்.

ரேம் வரலாறு இன்னும் மோசம். விலையைக் கூட்டாகப் பேசி நிர்ணயிச்சதுக்காக 2005-ல் அமெரிக்காவில் சாம்சங் 30 கோடி டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிச்சு. அங்க வெள்ளமும் இல்ல, தீயும் இல்ல.

மூணாவது வகை, விளம்பரத் தட்டுப்பாடு. 2014-ல ஃபிளிப்கார்ட்டில் ஷாவ்மியோட மி 3 போன் விற்பனை ஞாபகம் இருக்கா? கொஞ்சம் கொஞ்சமா சரக்கை விட்டாங்க, சில விநாடியில காலி. 'கிடைக்கல'ங்கிறதே செய்தியாச்சு, செய்தியே விளம்பரமாச்சு.

இப்போதைய ரேம் நிலவரம் முதல் வகைதான். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிட்டுப் போகுது. 2025 டிசம்பர்ல மைக்ரான், நாம வாங்குற க்ரூஷியல் பிராண்டையே நிறுத்துறதா அறிவிச்சது. ஆனா பெரிய தயாரிப்பாளர்கள் மூணு பேர்தாங்கிறதால, தட்டுப்பாடு தீர்ந்த மறுநாளே விலை இறங்கும்னு எதிர்பார்க்காதீங்க.

அதனால படிப்புக்கோ வேலைக்கோ தேவைன்னா, தேவையான அளவு மட்டும் வாங்குங்க, வாரண்டி எத்தனை வருஷம்னு பில்லுல பாருங்க. 'கடைசி ரெண்டு பீஸ்'னு திரையில மின்னினா, அடுத்த கடையிலயும் ஒருதரம் விலை கேளுங்க.