ஒரு காணி உறுதியும் அல்-குவாரிஸ்மியின் கணக்கும்

யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பக்கம் எங்கள் வாப்பாவுக்கு இரண்டு பரப்புக் காணி இருந்தது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் வெறுங்கையோடு புத்தளம் வந்தோம். வாப்பாவும் உம்மாவும் அங்கேயே வபாத்தானார்கள். 2009க்குப் பிறகு நானும் தங்கச்சியும் போய்ப் பார்த்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை.

காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதியை எடுத்தோம். அதில் பரப்பளவு இருந்தது. நான்கு எல்லைகளும் அயலவர் பெயரால் எழுதப்பட்டிருந்தன. நீளம், அகலம் இல்லை. வரைபடமும் இல்லை. மாமாவிடம் கேட்டேன். “வேலி அடைக்கக்குள்ள நானும் நின்டனான் மகன். அகலத்துக்கு எடுத்த கயித்த நீளப் பக்கம் புடிச்சா நாப்பத்திநாலு அடி மிஞ்சும். அது மட்டும்தான் நினைவிருக்கு” என்றார்.

அது போதும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் அல்-குவாரிஸ்மி. கலீபா மஃமூனின் காலத்தில் (813–833) பக்தாதில் இருந்து அவர் எழுதிய ‘அல்-ஜப்ர் வல்-முகாபலா’ என்ற நூலின் பெயரிலிருந்துதான் ‘அல்ஜிப்ரா’ என்ற சொல்லே பிறந்தது. இருபடிச் சமன்பாட்டை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று நம்மவர் சிலர் மேடையில் சொல்வதுண்டு. அது சரியல்ல. அவருக்கு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர் களிமண் பலகைகளில் இத்தகைய கணக்குகளைச் செய்தார்கள். 628இல் பிரம்மகுப்தரும் விதி எழுதினார். அல்-குவாரிஸ்மி செய்தது வேறு. இத்தகைய சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லி, அந்த வழி ஏன் சரி என்பதைச் சதுரம் வரைந்து காட்டினார். குறியீடு எதுவும் இல்லை, எல்லாம் சொற்களில்தான்.

அவர் வழியிலேயே எங்கள் காணியைப் பார்ப்போம். ஒரு பரப்பு 10 பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆகவே இரண்டு பரப்பு 5,445 சதுர அடி. அகலத்தைப் பக்கமாகக் கொண்ட ஒரு சதுரமும், 44 அடி நீளத் துண்டு ஒன்றும் சேர்ந்ததுதான் காணி. அந்தத் துண்டை 22, 22 அடியாக இரண்டாக்கி, சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுங்கள். மூலையில் 22க்கு 22 அளவில் ஓர் இடம் வெறுமையாக நிற்கும். அது 484 சதுர அடி. அதையும் நிரப்பினால் 5,929 சதுர அடியில் ஒரு முழுச் சதுரம். அதன் பக்கம் 77 அடி. ஒட்டிய 22ஐக் கழித்தால் அகலம் 55 அடி; நீளம் 99 அடி. சாதாரண தர வகுப்பில் நாம் மனனம் செய்த நிறைவர்க்கமாக்கல் இதுதான்.

நாடாவோடு போனோம். ஒழுங்கையிலிருந்து பின்பக்கத்துப் பழைய மதில் வரை சரியாக 99 அடி. மாமாவின் நினைவு பிழைக்கவில்லை. ஆனால் முன்பக்கம் 52 அடிதான். ஒரு பக்கத்தில் பிறகு எழும்பிய மதில் மூன்றடி உள்ளே நின்றது.

“மூணடிதானே, விட்டிருவம்” என்றுதான் முதலில் நினைத்தேன். அயலவரும் அகதியாய் அலைந்து திரும்பியவர்தான். பழைய வேலி எங்கே நின்றது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் மூன்றடியை 99ஆல் பெருக்கினால் 297 சதுர அடி, ஒரு பேர்ச்சுக்கும் மேல். அல்-குவாரிஸ்மி தம் நூலின் பெரும்பகுதியை வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கியிருக்கிறார். வாரிசுப் பங்கு, பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படுவதால்தான் எழுதுகிறேன் என்று முன்னுரையிலும் சொல்கிறார். அது நினைவுக்கு வந்ததும் பங்கையும் பார்த்தேன். வாரிசு நாங்கள் இருவர்தான்: எனக்கு இரண்டு பங்கு, தங்கச்சிக்கு ஒரு பங்கு. அந்த 297இல் 99 சதுர அடி அவளுடையது.

சமன்பாடு நீள அகலத்தைச் சொல்லும். எல்லைக்கல் எங்கே என்று சொல்லாது. அதற்கு நில அளவையாளர் வேண்டும். அயலவரிடம் தாளில் சதுரத்தை வரைந்து காட்டி, இருவருமாக ஒருவரை அழைக்கலாமா என்று கேட்டேன். சம்மதித்தார். என் பங்கை நான் விட்டுக்கொடுக்கலாம். தங்கச்சியின் 99 சதுர அடியை விட்டுக்கொடுக்க நான் யார்?