சுர்மாவும் சாராயமும்

பத்தாந் தரத்தில் காய்ச்சி வடித்தல் பாடம். “சேர், அற்ககோல் அரபுச் சொல்லாமே? ஹராமான சாமானுக்கு ஏன் நம்மட பேர்?” என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் அவனை அதட்டி இருத்திவிட்டேன். பதில் தெரியாததே உண்மைக் காரணம். பின்னர் தேடிப் படித்ததை இங்கு எழுதுகிறேன்.

‘அல்குஹ்ல்’ என்பது கண்ணுக்கிடும் சுர்மா. அந்த நுண்தூளின் பெயரை ஐரோப்பியர் எப்பொருளின் சாரத்துக்கும் வழங்கலாயினர். 16ஆம் நூற்றாண்டில் பராசெல்சஸ் திராட்சை மதுவின் சாரத்தை அப்பெயரால் குறித்தார். எனவே, சுர்மாவின் பெயரை மதுவுக்குச் சூட்டியவர்கள் அரபிகள் அல்லர்.

கருவியின் கதை வேறு. அலெக்சாந்திரியக் கிரேக்கரிடமிருந்த வடிகலத்தை அரபிகள் ‘அல்அன்பீக்’ என்றனர். 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி வாசனைத் திரவியங்கள் பற்றிய தமது நூலில் வடிக்கும் முறைகளை விளக்கினார். மதுவை வடிப்பது பற்றியும் அதிலே ஒரு குறிப்பு உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கலை வளர்ந்தது பன்னீருக்காகவும் மருந்துக்காகவுமே. அரபு நூல்கள் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட, அது ஐரோப்பா சென்றது. அங்கு மதுவை வடித்து, ‘உயிர் நீர்’ என்று மருந்தாகவே முதலில் கொடுத்தனர்.

திராட்சை விளையாத ஸ்கொட்லாந்தில் அதைப் பார்லியில் செய்தனர். உயிர் நீர் செய்வதற்காக ஜோன் கோர் என்ற துறவிக்கு முளைப்பார்லி வழங்கியதாக 1494ஆம் ஆண்டு அரச கணக்கேடு கூறுகிறது. உயிர் நீருக்கான கேலிக் மொழிப் பெயரின் முற்பாதி திரிந்ததே ‘விஸ்கி’.

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் இடுவர். மாப்பொருள் சீனியாகும். மதுவம் சேர்த்தால் நொதித்து, ஏறத்தாழ எட்டு வீத மதுசாரம் உண்டாகும். மதுசாரத்தின் கொதிநிலை 78 பாகை செல்சியஸ், நீரினது 100. ஆகவே செப்புக் கலத்தில் காய்ச்சும்போது ஆவியில் மதுசாரமே மிகுந்து வரும். அதைக் குளிர்வித்து, மீண்டும் வடித்தால் செறிவு எழுபது வீதத்தை எட்டும். பின்பு ஓக் மரப் பீப்பாவில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடக்க வேண்டும். 1830இல் ஏனியஸ் கொஃபி காப்புரிமை பெற்ற தொடர் வடிகலம் இதனை ஆலைத் தொழிலாக்கியது.

நமது தென்னஞ் சாராயத்தின் ஆங்கிலப் பெயரான ‘அரக்’கும் அரபுச் சொல்லே. வியர்வை என்பது பொருள். கலத்தின் மேல் துளிர்க்கும் துளியைப் பார்த்தவர் வைத்த பெயர்.

அதே கலத்தில்தான் பன்னீரும் வடிகிறது. உள்ளே எதை இடுவதென்பது மனிதனின் தீர்மானம். இதை அன்றே சொல்லியிருக்கலாம். அந்த மாணவன் அதன்பின் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தை முதலில் அவன் கையில்தான் கொடுக்க வேண்டும்.