விதைநெல்லும் ஒட்டுப்பசையும்

சைசிங் ஆலையில் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும்போது பாலிவினைல் ஆல்கஹால் என்றொரு பொருளைச் சேர்ப்பதுண்டு. கடையில் விற்கும் தெளிந்த ஒட்டுப்பசைகள் சிலவற்றிலும் அதுவே இருக்கிறது. 1924-இல் ஜெர்மனியில் ஹெர்மான், ஹேனல் இருவரும் அதை உருவாக்கினார்கள். 1939-இல் கியோத்தோவில் இச்சிரோ சகுராதாவின் குழு அதிலிருந்து துணிநூலே இழுத்துவிட்டது. குழுவிலிருந்த கொரியர் ரி சுங்-கி, கொரியப் போரின்போது வடக்கே போய்ச் சேர்ந்தார். 1961-இல் அங்கே அந்த நூலுக்கு ‘வினலான்’ என்று பெயரிட்டு மாபெரும் ஆலையே எழுப்பிவிட்டார்கள்.

அதே 1961-இல் டொராண்டோவிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு, கதிர்வீச்சு எலும்பு மஜ்ஜையை என்ன செய்கிறது என்பதே பலருக்கும் கவலை. அதை எழுதிய டில்லும் மெக்கல்லக்கும் கதிர் பாய்ச்சிய எலிகளுக்கு மஜ்ஜை ஏற்றி ஆராய்ந்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால், மண்ணீரல் மேல் சின்னச் சின்ன முடிச்சுகள்! அவர்கள் அதைத் தேடிப் போகவில்லை. ஆனால் ஏற்றிய செல்கள் கூடக் கூட முடிச்சுகளும் கூடின. ஒரு முடிச்சு ஒரே செல்லின் வம்சம் என்பது பிறகு உறுதியானது. ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் தாய்ச் செல்லான ரத்த ஸ்டெம் செல் பற்றிய ஆய்வுக்கு அடித்தளம் விழுந்தது இப்படித்தான்.

அந்த ஸ்டெம் செல்லை ஆய்வகத்தில் பெருக்குவதுதான் பெரும்பாடு. 1988-இல் பாரிஸில் எலியான் குளுக்மான் குழு, அந்தச் செல்கள் உள்ள கொப்பூழ்க்கொடி ரத்தத்தால் ஒரு சிறுவனைக் காப்பாற்றியது. ஆனால் ஒரு கொடியிலுள்ள செல்கள் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பற்றாது. வளர்க்கலாமென்றால், செல் பெருகும்போதே சாதாரண ரத்த அணுவாகிவிடும். விதைநெல் முழுவதையும் குத்தி அரிசியாக்கிய கதை.

வளர்ப்புத் திரவத்தில் ஊட்டமென்று சேர்த்துவந்த அல்புமின் என்ற புரதமே இடைஞ்சல், அதோடு வரும் அசுத்தங்கள் செல்லைக் கெடுக்கின்றன என்று நகாவுச்சி, யமசாகி, வில்கின்சன் குழு கண்டது. அதற்குப் பதிலாக அவர்கள் ஊற்றியது நம் பழைய பாலிவினைல் ஆல்கஹால்! 2019-இல் வெளியான முடிவின்படி, எலியின் ஸ்டெம் செல்கள் ஒரே மாதத்தில் 236 முதல் 899 மடங்கு வரை பெருகின. அத்தனை செல்கள் கைவசமிருந்ததால், பெறும் எலியின் மஜ்ஜையைக் கதிர் பாய்ச்சி அழிக்காமலே மாற்றிப் பொருத்தவும் முடிந்தது.

மனிதச் செல்லுக்கு அந்தப் பசை மட்டும் போதவில்லை. 2023-இல் யமசாகி குழு வேறொரு பாலிமரைப் பிடித்தது. அதுவும் மருந்து தயாரிப்பில் புழங்கிவந்த சரக்குதான். அதே ஆண்டு அமெரிக்கா ஒப்புதல் தந்த கொப்பூழ்க்கொடிச் சிகிச்சையொன்றில் செல்களைப் பெருக்கச் சேர்ப்பது, வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நிகோட்டினமைடு.